மைசூரில் நான் பேசாத உரை

கர்நாடக எல்லையில், பாலாற்றுச் சோதனைச் சாவடியில் வனக்காவலர் என் பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே இரண்டு புடவைகள், ஒரு பொட்டலம் முறுக்கு, பெண்களின் பொருளாதார சமத்துவமும் அரசு பட்ஜெட்டும் பற்றிய என் உரை ஆகியவை இருந்தன. பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். உரையை அவர் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பயணத்தில் என் உரையைக் கண்டுகொள்ளாதவர்களில் அவர்தான் முதல்வர்.

எங்கள் ஊர் பவானிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய நகராட்சி. தறிப்பட்டறைக்கும் துணிக்கடைக்கும் வேலைக்கு வரும் பெண்கள் தங்க ஒரு வாடகை விடுதி வேண்டும் என்று நாங்கள் சிலர் ஆண்டுக்கணக்கில் கேட்டு, கடைசியில் பட்ஜெட்டில் ஒரு வரி சேர்ந்தது. அந்த வரி கட்டடமாக மாற இன்னும் சில பட்ஜெட்டுகள் ஆயின. இப்போது அதில் பெண்கள் குடியிருக்கிறார்கள். தண்ணீர் மோட்டார் அடிக்கடி கெட்டுப்போகிறது. அந்த வகையில் அது ஒரு முழுமையான அரசுக் கட்டடம்.

அந்த விடுதியில் இருக்கும் ஒரு பெண்ணுக்குச் சித்தி முறை ஜெயமணி. கர்நாடகத்தில் ஹனூர்ப் பக்கம் ராமாபுரத்துக்காரி, மைசூரில் வீடுகளில் சமையல் வேலை. மைசூரில் பட்ஜெட்டுக்கு முன் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று நடக்கிறது என்றும், நான் வந்து விடுதிக் கதையைச் சொல்ல வேண்டும் என்றும் அவள்தான் அமைப்பாளர்களைப் பிடித்து ஏற்பாடு செய்திருந்தாள். எனக்குக் கன்னடம் தெரியாதே என்று தொலைபேசியில் கேட்டேன். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க்கா" என்றாள். எனக்கு மைசூர் பாகும் பிடிக்கும், மேடையும் பிடிக்கும். சம்மதித்தேன்.

எங்கள் ஊரில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. கர்நாடகத்தில் அரசுப் பேருந்தில் மாநிலத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போனாலும் பெண்களுக்குக் காசு கிடையாது. இதை என் உரையில் புகழ்ந்தும் இருந்தேன். ஆகவே கர்நாடகப் பேருந்தில் ஏறியதும், மற்றப் பெண்களைப் போலவே ஆதார் அட்டையைக் கம்பீரமாக நீட்டினேன். நடத்துநர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது தமிழ்நாட்டு ஆதாருங்க மேடம். இந்த ஊர்ப் பொம்பளைங்களுக்குத்தான் ஃப்ரீ."

"நானும் பொம்பளைதானே?"

"அதுல எனக்குச் சந்தேகம் இல்லீங்க" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்தார். அந்தப் பேருந்தில் டிக்கெட் வாங்கியவர்கள் ஆண்களும் நானும்தான்.

காட்டுக்குள் டயர் பஞ்சர் ஆனது. யாரும் இறங்கக் கூடாது, யானை நடமாட்டம் இருக்கிறது என்று ஓட்டுநர் எச்சரித்தார். பிறகு ஆண்கள் எல்லாரும் இறங்கிப் போய் யானை வருகிறதா என்று பார்த்தார்கள். வரவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் தன் பையிலிருந்து வேர்க்கடலை எடுத்து என் கையில் கொட்டினாள். கொள்ளேகாலில் தினமும் காலையில் இறங்கிப் பட்டு நூற்கும் இடத்துக்குப் போகிறாளாம். பேருந்து இலவசம் ஆவதற்கு முன்னால் ஊரிலேயே கூலி வேலை செய்தாளாம். "அப்பப் பஸ்ஸுக்கே பாதி போயிரும்" என்றாள். இந்த ஒரு வாக்கியம் என் உரையில் மூன்று பத்திகளாக இருந்தது.

கொள்ளேகால் பேருந்து நிலையத்து ஓட்டலில் 'சௌசௌ பாத்' என்று பலகையில் எழுதியிருந்தது. நம் ஊர் சௌசௌ காயைப் போட்டுச் செய்த சாதம் என்று நினைத்துச் சொன்னேன். ஒரு தட்டில் பாதி உப்புமா, பாதி கேசரி வந்தது. சௌசௌ எங்கே என்று கேட்டேன். பரிமாறியவர் இரண்டையும் விரலால் சுட்டி, "இது ஒரு சௌ, அது ஒரு சௌ" என்றார். இரண்டு சௌவையும் சாப்பிட்டேன்.

மைசூரில் ஜெயமணி பேருந்து நிலையத்துக்கே வந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். தலைக்குப் புதிதாகச் சாயம் பூசியிருந்தாள். என்னைவிட நல்ல புடவை கட்டியிருந்தாள். கூட அவள் மகள் பவித்ரா. ஒரு செருப்புக் கடையில் விற்பனைப் பெண். பவித்ராவின் தமிழ் கன்னடத்தில் ஊறிய தமிழ்.

"பன்னி ஆன்ட்டி, பேகு குடுங்க" என்றாள். பன்னி என்றால் கன்னடத்தில் வாங்க என்று பொருள். தெரிந்தாலும் ஒரு கணம் நின்றுதான் பையைக் கொடுத்தேன்.

சரஸ்வதிபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வரிசையாக ஓட்டு அறைகள். தாயும் மகளும் ஓர் அறையில். பக்கத்து அறைகளிலும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள்தான், பெரும்பாலும் கணவன் இல்லாத அல்லது இருந்தும் இல்லாத பெண்கள். நடந்தே வேலைக்குப் போய்விடலாம் என்பதுதான் அந்த அறைகளின் ஒரே சிறப்பு. அதை இடித்துவிட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு லாட்ஜ் கட்டப்போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். யுகாதிக்குள் காலி செய்ய வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வேறு அறை பார்த்தால் வாடகை அவர்கள் சம்பளத்தை எட்டிப் பிடிக்கிறது.

இரவுச் சாப்பாடு ராகி முத்தே, கீரைச் சாறு. நம் ஊர்க் களிதான். மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று பவித்ரா கற்றுக்கொடுத்தாள். மெல்லாமல் விழுங்குவது எனக்குப் பழக்கமில்லை. மென்றேன். இருவரும் நாகரிகமாகச் சுவரைப் பார்த்தார்கள்.

"அரசாங்க வீட்டுக்கு எழுதிப் போடலையா அம்மணி?" என்று கேட்டேன்.

"போட்டனுங்க்கா. உங்க குடும்பத்துக்குத்தான் வீடு இருக்குதே, சொந்த வீடு இருக்கறவங்களுக்குத் தர முடியாதுன்னுட்டாங்க."

"வீடு இருக்கா?"

"ராமாபுரத்துல இருக்குது. என்ற வீட்டுக்காரரு பேருல."

ஆகவே சட்டப்படி ஜெயமணிக்கு ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டில் அவள் கணவரும், வேறொரு பெண்ணும், சில ஆடுகளும் இருந்தார்கள். விவாகரத்து ஆகவில்லை. அதற்கு அலைந்தால் சமையல் வேலை போய்விடும். பவித்ரா கைக்குழந்தையாக இருந்தபோது அங்கிருந்து கிளம்பி வந்தவள் திரும்பப் போகவே இல்லை. குடும்ப அட்டையில் மட்டும் இன்னும் அங்கேயே குடியிருக்கிறாள்.

"ஆட்டுக்குக்கூட அங்க எடம் இருக்குதுங்க்கா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பவித்ரா எழுந்து தட்டுகளைக் கழுவப் போனாள்.

மறுநாள் கூட்டம். ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் கல்யாணத்துப் பூ அலங்காரம் இன்னும் மேடையில் இருந்ததால், பேச வந்த எல்லாரும் ஏதோ மணமக்கள் போலவே நின்றோம். நிதித் துறையைப் பார்க்கும் அதிகாரி ஒருவர் முன்வரிசையில் இருந்தார். பேனாவைக் கையில் வைத்திருந்தார், ஆனால் எழுதவில்லை. பூங்காக்கள் பற்றி ஒருவர் பேசினார் என்று பவித்ரா காதில் சொன்னாள். தெருவிளக்குகள் பற்றி ஒருவர். அரண்மனைச் சுற்றுலா பற்றி மூவர். வீட்டு வேலைப் பெண்கள் சார்பில் பேச ஜெயமணிக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். அதிலும் சுற்றுலாக்காரர்கள் புகுந்து ஒரு நிமிடத்தைத் தின்றுவிட்டதால், "அடுத்த வருஷம் விரிவாகப் பேசலாம்" என்று ஒருங்கிணைப்பாளர் அம்மையார் அவளைக் கேட்டுக்கொண்டார். யுகாதிக்குள் காலி செய்ய வேண்டிய ஒருத்தியிடம் அதைக் கனிவாகத்தான் சொன்னார்.

ஜெயமணி சரி என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். அதுவே எனக்கு வியப்பாக இருந்தது.

பிறகு வெளிமாநிலச் சிறப்பு விருந்தினர் என்று என்னை அழைத்தார்கள். எனக்குப் பத்து நிமிடம். மொழிபெயர்க்க வரவேண்டிய பேராசிரியருக்குக் காய்ச்சல். ஒருங்கிணைப்பாளர் கையைப் பிசைந்தார். அப்போது ஜெயமணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு மேடையேறி, "நானு சொல்றனுங்க மேடம், எனக்கு ரெண்டு பாஷையும் வரும்" என்றாள்.

நான் என் முதல் வாக்கியத்தைப் படித்தேன். "ஒரு பட்ஜெட்டைப் படித்தால், அரசு யாரையெல்லாம் மனிதர்களாக நினைக்கிறது என்று தெரிந்துவிடும்."

ஜெயமணி கன்னடத்தில் சொன்னாள். நீளமாகச் சொன்னாள். கன்னடம் அப்படிப்பட்ட மொழி போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

"பாலின நோக்குடன் நிதி ஒதுக்குவது காலத்தின் கட்டாயம்" என்றேன்.

அவள் மொழிபெயர்த்ததும் மண்டபம் சிரித்தது. பாலின நோக்குக்கு எங்கள் ஊரில் இதுவரை யாரும் சிரித்ததில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த பத்தி எங்கள் நகராட்சியின் தீர்மானம் பற்றியது. அதை அவள் சொல்லச் சொல்ல மண்டபம் அமைதியானது. பின்வரிசையில் ஒரு பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவள் பேச்சுக்கு நடுவில் 'மனெ' என்ற சொல்லும் 'கண்ட' என்ற சொல்லும் காதில் விழுந்தன. வீடு, கணவன். அந்த அளவுக்குக் கன்னடம் எனக்கே தெரியும். அதற்கப்புறம் தெளிவாக 'ஆடு' என்று கேட்டது. கன்னடத்திலும் ஆடு ஆடுதான்.

என் உரையில் ஆடு கிடையாது.

நான் நிறுத்தினேன். அவள் என்னைப் பார்க்காமல், "படிங்க்கா, படிங்க்கா" என்று மெதுவாகச் சொன்னாள். மைக் அதையும் மண்டபத்துக்குச் சொன்னது. என்ன செய்வதென்று தெரியவில்லை. படித்தேன். நான் ஒரு வரி படிப்பேன், அவள் அந்தச் சந்து அறைகளைப் பற்றியும் லாட்ஜைப் பற்றியும் பேசுவாள், பிறகு நான் இன்னொரு வரி படிப்பேன். இப்படியே என் பத்து நிமிடமும் முடிந்தது. பலத்த கைத்தட்டல். அதில் எனக்கு உரியது எதுவும் இல்லை என்பது எனக்கும் ஜெயமணிக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்தேன்.

அதிகாரி எழுந்தார். தமிழில் பேசினார்.

"மேடம், நான் கொள்ளேகால்ல ரொம்ப வருஷம் வேலை பாத்தேன். ரெண்டு பேர் பேசினதும் எனக்குப் புரிஞ்சுது. ரெண்டும் நல்லாருந்துச்சு. இதுல எதுக்கு நான் பதில் சொல்லணும்?"

ஜெயமணியின் முகம் வெளுத்தது. மைக்கிலிருந்து ஓரடி பின்வாங்கினாள். ஒருங்கிணைப்பாளர் என்ன என்ன என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் 'அவள் சொன்னது என் உரை அல்ல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இனி அவளை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிட மாட்டார்கள். சொல்லத் தோன்றியது. என் உரையை நான் பல இரவுகள் உட்கார்ந்து எழுதியிருந்தேன்.

"அவங்களுக்குப் பதில் சொல்லுங்க சார்" என்றேன். "நான் சாயங்காலம் ஊருக்குப் போயிருவேன். இவங்க இங்கதான் இருக்கணும்."

அவர் தலையாட்டினார். ஜெயமணியைப் பார்த்து, "சரிம்மா, கஷ்டம் புரிஞ்சுது. பட்ஜெட்ல நான் கஷ்டத்தை எழுத முடியாது. என்ன எழுதணும்?" என்று கேட்டார்.

ஜெயமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் தன் கதையைத்தான் தயார் செய்து வந்திருந்தாள். அதை ஒரு வரியாக்க இதுவரை அவளை யாரும் கேட்டதில்லை. இந்த இடம் எனக்குப் பழக்கமான இடம். எங்கள் ஊரில் அந்த ஒரு வரியைச் செதுக்கத்தான் எங்களுக்கு அத்தனை காலம் பிடித்தது. அவள் காதருகே குனிந்து சொன்னேன்: "தனியாக இருக்கும் உழைக்கும் பெண்களுக்கு, நகருக்குள், வாடகைக் குடியிருப்பு. தனியாக இருக்கும் பெண்ணையும் ஒரு குடும்பமாகக் கணக்கிட வேண்டும்."

அன்று முதல் முறையாக, நான் சொன்னதை அவள் ஒரு சொல் மாற்றாமல் மொழிபெயர்த்தாள். அதிகாரியின் பேனா நகர்ந்தது.

பிறகு அவர், ரிங் ரோட்டுக்கு அப்பால் அரசு கட்டிய குடியிருப்பில் வாடகைக்கு விடும் வீடுகள் சில காலியாக இருக்கின்றனவே, பேருந்தும் விட்டிருக்கிறோமே, அங்கே ஏன் போகக் கூடாது என்று கேட்டார். இதற்கு ஜெயமணியிடம் பதில் இருந்தது. "விடிகாலையில ஒருநாள் வந்து அந்த பஸ்ஸுல ஏறிப் பாருங்க சார்" என்றாள்.

"நாளைக்கே வர்றேன்" என்றார் அவர். யாரும் நம்பவில்லை. நான் ஊருக்குப் போவதை ஒருநாள் தள்ளிவைத்தேன்.

அன்று மாலை ஓட்டலில் மசால் தோசை. சிவப்புச் சட்னி தடவி, மேலே வெண்ணெய் வைத்துத் தந்தார்கள். தோசை அருமையாக இருந்ததால் கோபத்தைக் காட்டுவது கடினமாக இருந்தது. பாதி தின்ற பிறகுதான் கேட்டேன்.

"முன்னாலயே சொல்லியிருக்கலாமே அம்மணி?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்ளா?"

யோசித்தேன். "வந்திருக்க மாட்டேன்."

"அதானுங்க்கா. பேராசிரியருக்குக் காய்ச்சல்னு எனக்கு முன்னாலயே தெரியுமுங்க. எங்க ஊரு அம்மா பேசினா ரெண்டு நிமிஷம், வெளியூரு அம்மா பேசினா பத்து நிமிஷம். நானு என்ன பண்ணட்டும்?" பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "தப்புத்தான்" என்றாள். "உங்க பேச்சு நெசமாலுமே நல்லாருந்துச்சு. எனக்குப் பாதி புரியல."

பவித்ரா தோசையைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கினாள். நானும் மீதித் தோசையைத் தின்றேன். கோபம் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஊர் வந்து சேரும்வரை கொஞ்சம் இருந்தது.

மறுநாள் விடிகாலையில் அதிகாரி வந்தே விட்டார். கம்பளித் தொப்பியில் அவரை அடையாளம் தெரியவில்லை. நாங்கள் காத்திருந்த குடியிருப்பு வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கியவர், பேருந்தில்தானே போகப் போகிறோம் என்று ஜீப்பைத் திருப்பி அனுப்பினார். நல்ல வீடுகள். ஜன்னல்களில் கண்ணாடிகூட இருந்தது. சில வீடுகளில் மட்டும் துணி காய்ந்தது. நிழற்குடையில் நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களோடு நாங்களும் நின்றோம். பேருந்து வரவில்லை.

அதிகாரி தொலைபேசியில் யாரிடமோ பேசினார். "கிளம்பிவிட்டதாம்" என்றார். பெண்களில் ஒருத்தி கன்னடத்தில் ஏதோ சொன்னாள். "அது தினமும் கிளம்பிக்கிட்டுத்தான் இருக்குது" என்று ஜெயமணி எனக்கு மொழிபெயர்த்தாள். நம்பலாமா என்று பவித்ராவைப் பார்த்தேன். சரிதான் என்று தலையசைத்தாள்.

வெயில் வந்தது. அதிகாரி தொப்பியைக் கழற்றினார். காலை வேலைக்கு நேரத்தில் போக முடியாத ஒரு பெண், தான் சமைக்கும் வீட்டு அம்மாவிடம் தொலைபேசியில் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். திட்டு எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அவள் அதிகாரியைப் பார்த்த பார்வையில் புகார் ஏதும் இல்லை. அவரும் தன்னைப் போலப் பேருந்துக்கு நிற்பவர் என்றே நினைத்திருந்தாள்.

கடைசியில் காலிஃபிளவர் ஏற்றிய ஒரு லக்கேஜ் ஆட்டோ வந்தது. பெண்கள் பழகிய வேகத்தில் பின்னால் ஏறினார்கள். அலுவலகத்தில் அதிகாரிக்கு ஒரு கூட்டம் காத்திருந்தது. அன்றைக்கு பட்ஜெட் கூட்டமேதான். அவரும் ஏறினார். காலிஃபிளவர் மூட்டை மேல் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரிங் ரோடு வரை வந்தார். இறங்கும்போது ஜெயமணியிடம், "நோடோணா" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். அந்தச் சொல்லுக்கு இரண்டு மாநிலங்களிலும் ஒரே பொருள்தான் என்பதால் நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை.

ஊர் திரும்பினேன். யுகாதிக்கு முன்பே அந்த ஓட்டு அறைகளை இடித்துவிட்டார்கள். ஜெயமணியும் பவித்ராவும் ஜெயமணி வேலை செய்யும் வீடு ஒன்றின் கார் கொட்டகையில் தங்கினார்கள். காரை வெளியே நிறுத்த நேர்ந்ததற்காக அந்த வீட்டுக்காரர்கள் சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்கள். பட்ஜெட் வந்த அன்று பவித்ரா கூப்பிட்டாள். எங்கள் வரியின் முதல் பாதி அதில் இருந்ததாம். நகருக்குள் பழைய கிடங்கு ஒன்றைப் பழுது பார்த்து, உழைக்கும் பெண்களுக்கு வாடகை அறைகள். தனியாக இருக்கும் பெண்ணையும் குடும்பமாகக் கணக்கிடும் இரண்டாம் பாதி இல்லை. ரிங் ரோட்டுக் குடியிருப்புக்கு விடிகாலைப் பேருந்து ஒன்று கூடுதலாக விட்டிருக்கிறார்கள், வருகிறதாம்.

பழுது பார்க்க ஒரு மழைக்காலம் முழுவதும் போனது. அவ்வளவு நாளும் அவர்கள் அந்தக் கார் கொட்டகையில்தான் இருந்தார்கள். எனக்கு அங்கிருந்து தொலைபேசி வரும்போதெல்லாம் பின்னணியில் மழை கேட்கும்.

போன வாரம் ஜெயமணியே கூப்பிட்டாள். மழைச் சத்தம் இல்லை.

"அறை குடுத்துட்டாங்க்கா. நேத்து ஆபீசுல கூப்பிட்டு விசாரிச்சாங்க. குடும்பத் தலைவர் யாருன்னாங்க."

"என்ன சொன்னே?"

"நானுன்னு சொன்னேன். வீட்டுக்காரரு இல்லீங்களான்னாங்க. இருக்கறாரு, ஆனா இந்தக் குடும்பத்துல இல்லீங்கன்னேன். அப்ப இந்தக் குடும்பத்துல யாரு யாருன்னாங்க. நானு, என்ற மகளுன்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லீங்க்கா. எழுதிக்கிட்டாங்க."